கடுகு வருவதற்குள் ஒரு பாலம்

டச்சு எட்சிங் (செப்புத்தகட்டு அச்சு) படங்களில் எங்கு பார்த்தாலும் பாலம் இருக்கிறதே, அதற்கு உட்பொருள் உண்டா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

நெதர்லாந்து என்றாலே தாழ்ந்த நிலம். 1612-இல் பீம்ஸ்டர் என்ற ஏரியையே காற்றாலைகளால் இறைத்து வயலாக்கினார்கள். வயலைச் சுற்றி வாய்க்கால், வாய்க்கால்மேல் பாலம். பாலம் இல்லாமல் அந்த நாட்டை வரைய முடியாது. கலை வரலாற்றாளர்கள் சிலர் இன்னும் ஆழமாகப் போய், பாலம் மறுமைக்குக் கடக்கும் வழி, இடிந்த பாலம் நிலையாமை என்கிறார்கள். அந்தக் காலத்து டச்சு மக்கள் படமும் நீதிமொழியும் சேர்ந்த புத்தகங்களில் ஊறியவர்கள். அதனால் அந்த வாசிப்பை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் என் மனம் போய் நிற்பது ரெம்ப்ராண்ட் 1645-இல் செய்த 'சிக்ஸின் பாலம்' படத்தில். நண்பர் யான் சிக்ஸின் வீட்டில் விருந்து. மேசையில் அரைத்த கடுகு இல்லை. வேலையாள் கிராமத்துக்கு ஓடினான். அவன் திரும்புவதற்குள் ஒரு தகட்டை முடிக்கிறேன் என்று ரெம்ப்ராண்ட் பந்தயம் கட்டி வென்றாராம். ரெம்ப்ராண்டின் எட்சிங்குகளுக்கு ஜெர்சேன் என்பவர் தொகுத்து 1751-இல் வெளிவந்த பட்டியல் சொல்லும் கதை இது. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவதை வேண்டுமானால் அந்த நேரத்தில் முடிக்கலாம். பிறகு கீறிய இடத்தை அமிலம் அரிக்க வேண்டும், மை தடவித் துடைத்துத் தாளில் அழுத்த வேண்டும். கதையை நான் நம்பவில்லை. ஆனால் அது ஏன் பிறந்தது என்று படத்தைப் பார்த்தால் புரிகிறது. தகட்டில் பாதிக்கு மேல் வெறுமை. பாலத்தின் கைப்பிடி சில கோடுகள்தாம். புள்ளி வைக்காமல் அம்மா ஒரே இழுப்பில் போடும் கோலத்தில்தான் அப்படித் தயங்காத கோட்டைக் கண்டிருக்கிறேன்.

பாலத்தின்மேல் இரண்டு பேர். அவர்கள் எங்கும் கடந்து போவதாகத் தெரியவில்லை, கைப்பிடியோரம் நிற்கிறார்கள். எங்கள் ஊர் மதகுக் கட்டையில் சாயங்காலம் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் இப்படித்தான் இருப்பார்கள். கடப்பதற்கான இடம் நிற்பதற்கான இடமாகிவிட்டது; எனக்கு இதுவே பெரிய உட்பொருள். குறியீட்டைத் தேடும் அவசரத்தில் இந்த இரண்டு பேரைப் பாராமல் போகிறோம். இந்தச் சிறிய படத்தைச் சுவர் நிறையப் பெரிதாக்கி மாட்டினாலோ ஊசியின் வேகமே செத்துவிடுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் இத்தகைய படங்களை இலவசமாகவே தருகிறது. நீங்களும் படத்தை இறக்கி, அசல் அளவிலேயே அச்சிட்டுப் பாருங்கள். ஏ4 தாளில் பாதிதான் வரும்.