எந்தப் புதுச்சேரியைப் பாதுகாக்கிறோம்?

2014 நவம்பர் மழையில் கடற்கரையோரம் நின்ற மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நகராட்சிக்காகக் கட்டப்பட்டது அது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மறுபடி எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டடம் அல்ல, அதன் பிம்பம். 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்னும் சொல்லாடல் எதைக் காக்கிறது, வாழ்வையா பிம்பத்தையா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம் என நினைக்கிறேன்.

நம்மூரைப் 'பிரெஞ்சு நகரம்' என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். அப்படியெல்லாம் ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியாது. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கினார்கள். இன்றைய 'வெள்ளை நகரம்' 1765க்குப் பிறகு எழுந்தது. நேர்க்கோட்டுத் தெருக்களுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே சொந்தம் கொண்டாட முடியாது. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்களிடம் இருந்தது. அவர்கள் வரைந்த படங்களிலேயே இந்தக் கட்டம் போட்ட ஒழுங்கு இருப்பதை ஆய்வாளர் ழான் தெலோஷ் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இந்த ஒழுங்கு சாதியின் ஒழுங்கும்கூட. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். தமிழர் பகுதிக்குள்ளும் செட்டி வீதி, வெள்ளாள வீதி, முல்லா வீதி என்று பெயர்களே பிரிவினையைச் சொல்லிவிடுகின்றன. அன்றைய சம்பா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் பாதிரியாரிடம் முறையிட, 1745இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. கட்டிய சுவர்களைப் பட்டியலிடுகிறோம், சரி. போராடி இடித்த சுவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அடுத்து, வீடுகள். பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். தமிழ் வீடு தெருவைப் பார்க்கும். மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அடுத்து திண்ணை, உள்ளே முற்றம். வீட்டுக்கு வீடு தொடர்ந்த தாழ்வாரங்கள் தெருவுக்கே நிழல் தந்தன. 2002–2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இன்டாக் அமைப்பின் உழைப்பு அதில் பெரிது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அது இல்லையென்றால் தாழ்வாரம் எப்படி இருந்தது என்பதே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் முகப்பு என்பது வீடல்ல. பழைய நகரில் பல வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. விடுதிக்கு விட்டா காசு வருதுன்னு வீட்டுக்காரர் நினைப்பதில் தப்பில்லை. மரத்தையும் ஓட்டையும் பராமரிக்கிற செலவு அவர் தலையில்தானே விழுகிறது! குடியிருப்பவருக்கு உதவாத பாதுகாப்பு, திண்ணையை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தவரை வெளியேற்றிவிடுகிறது.

இந்தக் கணக்கில் வராத இன்னொரு நகரம் ஆலைகளின் நகரம். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைப் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டுக்கொன்றது. அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த ஆலையின் வழிவந்த சுதேசி, பாரதி, 1898இல் தொடங்கிய ரோடியர் மில் ஆகிய மூன்றும் 2020இல் மூடப்பட்டன. ஆளுநர் மாளிகையின் தூண்களைப் படம்பிடிக்க வருபவர்களிடம் ரோடியர் மில்லுக்கு வழி சொல்பவர் யார்? 'பிரெஞ்சு மரபு' என்றால் அந்தத் துப்பாக்கியும் அதில் சேர்த்திதானே?

எனவே பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று கேட்கிறேன். கட்டடக் கலைஞர்களும் அதிகாரிகளும் மட்டும் எழுதினால் முகப்புதான் மிஞ்சும். வாடகைக்குக் குடியிருப்பவர், குருசுக்குப்பத்து மீனவர், மில்லில் நூல் நூற்றவர் ஆகியோரும் அதில் எழுத வேண்டும். ஆலை நிலங்களை என்ன செய்வதென்று முடிவெடுக்கும்போது அவர்கள் பேச்சு எடுபட வேண்டும். எழுதுகிற நமக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது: கடைசித் தலைமுறை மில் தொழிலாளர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது.