வரதாபாயின் பிள்ளையார்

“கடவுள் பயம் போயிடுச்சு. அதான் நாடு இப்படி ஆயிடுச்சு.”

நவி மும்பை கோபர்கைரனே ஸ்டேஷன் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் கோயில் பிராகாரத்திலும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். சங்கிலிப் பறிப்போ கொலையோ, எந்தச் செய்தி வந்தாலும் இதுதான் தீர்ப்பு. இப்படிச் சொல்பவர்களில் பலர் தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் வளர்ந்து, சிட்கோ வீடு கிடைத்த பிறகு வாஷி பாலத்தைத் தாண்டி இங்கே குடிவந்தவர்கள். அவர்கள் கண்ணால் கண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையே இந்தத் தீர்ப்பைப் பொய்யாக்குகிறது. அவர் வரதராஜன் முதலியார் என்ற வரதாபாய்.

விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய தமிழர் அவர். ஸ்டேஷனை ஒட்டிய பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழைகளுக்குச் சோறு போட்டவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் கள்ளச் சாராயத்துக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா, தாராவி என்று அந்தச் சாராய வியாபாரம் அவர் கைக்குள் வந்தது. பிறகு துறைமுகச் சரக்குத் திருட்டு, மிரட்டல், கட்டப் பஞ்சாயத்து.

அதே வரதாபாய் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஆண்டுதோறும் கணபதி பந்தல் போட்டார். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நகரமே வந்து பார்த்த பந்தல் அது. அவருடைய பக்தி வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே கும்பிட்டவராகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த பக்தியைவிட, பந்தலில் வரிசையில் நின்ற நம் பெரியவர்களைப் பற்றித்தான் கேள்வி. அந்த விளக்கும் தோரணமும் எந்தப் பணத்தில் வந்தன என்று தெரியாதவர் அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஏன் கேட்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1966இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. ‘மதராசி’ என்றாலே வசவு. குடிசைக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. ரேஷன் கார்டுக்கு அலைய வேண்டும். போலீஸ் நிலையத்தில் நம் பேச்சு எடுபடாது. குழாயும் கார்டும் வாங்கித் தந்து, அடிக்க வந்தவனைத் தடுத்து நிறுத்தியவர் வரதா. அரசு வராத இடத்துக்கு அவர் வந்தார். அந்த நன்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவருடைய சாராயத்தைக் குடித்து ஈரல் வெந்தவர்களும் அதே குடிசைத் தமிழர்கள்தான். கணவன் குடித்தழித்த கூலியை நினைத்து அழுத பெண்களும் அந்தப் பந்தலில் சூடம் ஏற்றியிருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒய். சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி வரதாவின் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். பந்தலையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதன் அளவைச் சுருக்க வைத்தார். செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வரதா சென்னைக்குப் போய்விட்டார். அவர் வாழ்க்கையின் சாயலில் வந்த ‘நாயகன்’ படம் 1987 தீபாவளிக்கு வெளியானது. 1988 ஜனவரியில் அவர் இறந்தார். உடலை பம்பாய்க்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் ஹாஜி மஸ்தான் என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், கடத்தலில் பணம் பார்த்தவர், பெயரிலேயே ஹஜ்ஜைச் சுமந்தவர். அந்தக் காலக் கூட்டாளிகளுக்குள் மதம் குறுக்கே நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுள் இருந்தார். தொழில் மட்டும் பொதுவாக இருந்தது.

செம்பூர் திலக் நகரிலும் இதே கதைதான். அங்கே சஹ்யாத்ரி கிரீடா மண்டலின் கணபதி விழாவோடு பேசப்பட்ட பெயர் தாதா சோட்டா ராஜன். பைகுலா தகடி சாலில் நவராத்திரியை விமரிசையாக நடத்திய அருண் கவ்ளி, ஒரு மாநகராட்சி உறுப்பினரைக் கொன்ற வழக்கில் 2012இல் ஆயுள் தண்டனை பெற்றார். 1893இல் லோகமான்ய திலகர் வெள்ளையனை எதிர்க்க ஊரைத் திரட்டக் கண்ட வழி, நூறாண்டுக்குள் தாதாக்களுக்கு ஊரின் ஆசீர்வாதம் வாங்கித் தரும் வழியாகவும் ஆகிவிட்டது.

கடவுள் பயம் குற்றத்தைத் தடுக்குமா என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1969இல் டிராவிஸ் ஹிர்ஷி, ராட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள் கலிபோர்னியாவின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தவறாமல் தேவாலயம் போகும் பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தப்புத்தண்டா செய்திருந்தார்கள். நரக பயம் வேலை செய்யவில்லை. ஆனால் ஸ்டார்க் அதோடு விடவில்லை. பிறகு வேறு ஊர்களின் தகவல்களோடு ஒப்பிட்டபோது, சுற்றியுள்ள பெரும்பாலோர் மதத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் ஊர்களில் மட்டும் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதைக் கண்டார். தனி மனிதன் நெஞ்சில் இருக்கும் பக்தி போதாது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே நெறியை மதித்தால்தான் அதற்குப் பலம். 2001இல் பையர், ரைட் என்ற இருவர் அறுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மதம் குற்றத்தை ஓரளவு தடுக்கிறது என்றுதான் தெரிந்தது. ஓரளவுதான்.

எனக்கு அதிகம் உறைத்தது வோல்கான் டோபல்லியும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. அட்லாண்டா தெருக்களில் கொள்ளையும் போதைத் தொழிலுமாகத் திரிந்த 48 பேரிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்டவனை நம்பினார்கள். பிழைக்க வழியில்லாமல் செய்வதை அவன் மன்னிப்பான், கடைசியில் வருந்திக் கேட்டால் போதும், கெட்டவனைத் தண்டிக்கிறேன் என்றால் அது ஆண்டவனுக்கே பிடிக்கும் என்றெல்லாம் அவரவருக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். தாங்கள் செய்ய நினைத்ததற்குத் தோதாகத் தங்கள் மதத்தை வளைத்துக்கொண்டார்கள். கண்டெய்னரில் திருடி உண்டியலில் பங்கு போடுபவனும் இதைத்தான் செய்கிறான். அட்லாண்டாவில் இல்லாத ஒரு வசதி இவனுக்கு இங்கே உண்டு: உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கமிட்டி நின்று மாலை போட்டு வரவேற்கும்.

குற்றவாளியைக் கும்பிடும் ஊரே இன்னொரு பக்கம் அப்பாவியை அவனுடைய மதத்துக்காகச் சந்தேகிக்கவும் செய்கிறது. இது நமக்குப் புதிதில்லை. தக்கர்கள் என்ற வழிப்பறிக் கூட்டத்தார் பவானிக்குப் பலியிடவே கொன்றார்கள் என்று 1830களில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் எழுதிப் பரப்பினார். பிறவியிலேயே, குலத்திலேயே குற்றம் இருக்கிறது என்ற எண்ணம் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைச் சுட்டது அந்தச் சட்டம்தான். இன்று சட்டம் இல்லை, சந்தேகம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள் தொகையில் 14.2 சதவீதம் முஸ்லிம்கள். விசாரணைக் கைதிகளில் அவர்கள் பங்கு அதைவிட அதிகம். மகாராஷ்டிரச் சிறைகளிலுள்ள முஸ்லிம்களைப் பற்றி, செம்பூரை அடுத்த தேவ்நாரின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஓர் ஆய்வே நடத்தியது. அந்த ஆய்வில் வறுமை, படிப்பில்லாமை, வக்கீல் வைக்க வசதியின்மை ஆகியவைதான் தெரிந்தன. இதைப் படித்த பிறகும் ஒரு மதத்தையே குற்றத்தோடு முடிச்சுப் போடுபவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த முடிச்சு என்ன செய்யும் என்று இந்நகரம் பார்த்துவிட்டது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. மார்ச் 12 குண்டுவெடிப்புகளில் 257 பேர். அதன்பின் தாதாக்களும் மதத்தின்படி பிரிந்தார்கள். நிழலுலகத் தாதா தாவூத் இப்ராஹிமின் ஆளாக இருந்த சோட்டா ராஜனுக்கு ‘இந்து டான்’ பட்டம் கிடைத்தது. கொலைகாரனுக்கும் ஒரு மதத்தார் கைதட்டினார்கள்.

தாராவியும் அப்போது எரிந்தது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த முஸ்லிம்கள் 1887இல் படீ மஸ்ஜித் கட்டிய ஊர், ஆதிதிராவிட மகாஜன சங்கத்தார் பிள்ளையார் கோயில் வைத்திருக்கும் ஊர். கலவரத்துக்குப் பிறகு அங்கே பாவ் கோர்டே, வக்கார் கான் என்ற இருவர், அக்கம்பக்கத்தாரின் அமைதிக் குழுக்களான மொஹல்லா கமிட்டிகளில் இறங்கி இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். நான்கு மத உடையில் நான்கு சிறுவர்களை நிறுத்தி வக்கார் கான் எடுத்த ‘நாமெல்லாம் ஒன்று’ சுவரொட்டி நகரம் முழுக்க ஒட்டப்பட்டது. அந்த டாட்டா நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சலி மாண்டிரோவும் கே. பி. ஜெயசங்கரும் இவர்களைப் பற்றி ‘நாத்தா’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். ஸ்டார்க் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர்கள்தான். நம்மவன் செய்தாலும் தப்பு தப்புதான் என்று நம்மவர் நடுவிலேயே நின்று சொல்லும் ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் மதம் குற்றத்துக்குத் தடையாகிறது.

ஆவணி வந்துவிடும். கோபர்கைரனேயில் செக்டாருக்கு செக்டார் பந்தக்கால் நடுவார்கள். வர்கணி, அதாவது விழாச் சந்தா, கேட்டு வீட்டுக்கு வருவார்கள். பொதுமக்களிடம் பணம் வசூலிக்கும் மண்டல்கள் (விழாக் குழுக்கள்) அறக்கட்டளை ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது வசூலுக்கு அவரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்று மகாராஷ்டிரச் சட்டம் சொல்கிறது. கொடுங்கள். கொடுக்கும்போது ரசீது கேளுங்கள், அதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். விழா முடிந்தபின் வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை கொடுத்தவர் யார், அவர் என்ன தொழில் செய்கிறார் என்றும் விசாரியுங்கள். மாட்டுங்காவில் நம் பெரியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வியை நாமாவது கேட்போம்.