தார் ரோடும் தார் வண்டியும்

பெரியப்பாவின் ஜீப்பில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சேற்றில் இறங்கியாக வேண்டும். முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ் இருக்கும். அப்பிக் கிடக்கும் களிமண்ணை வழித்துவிட்டு அதைப் பிடித்துத் திருகினால் உள்ளே டக்கென்று பல் விழும். சுற்றிப் போய் அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் அதையே செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் கியர் கம்பிக்குப் பக்கத்திலிருக்கும் குட்டைக் கம்பியைத் தள்ளுவார். ஜீப் ஒருமுறை உறுமும். அப்புறம் அவசரமே இல்லாமல், குட்டையிலிருந்து எருமை எழுந்து வருவதுபோல வெளியே வரும். இறங்குகிற ஆள் எப்போதும் நான்தான். 1984-ல் எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடந்தது. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் அர்த்தம் ஐப்பசி, கார்த்திகையில்தான் புரியும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஊர்ப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கும். பஸ்ஸைப் பிடிக்க மூன்று கிலோமீட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

அப்போது ஜீப் என்றால் அரசாங்கம் என்று பொருள். பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், கொசு மருந்து அடிக்க வருகிறவர்களின் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்ட வருகிற ஜீப். தேர்தல் வந்தால் தார்ப்பாயை மடித்துப் போட்டுவிட்டு வேட்பாளர் நின்றபடி வருவார். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் வண்டி அது. லூதியானாவில் 1945-ல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய மகேந்திரா கம்பெனி, 1940களின் கடைசியில் அதன் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. தனி ஆள் ஒருவர் புது ஜீப் வாங்கி எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஸ்கூட்டருக்கே வருடக் கணக்கில் காத்திருந்த காலம். 1983-ல் மாருதிக்கு முன்பதிவு திறந்தபோது, பார்த்தேயிராத காருக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டினார்கள் என்றால் வண்டிப் பஞ்சம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா ஏலத்தில் எடுத்தார். ஓர் அரசு அலுவலகம் கழித்துப் போட்ட வண்டி. ஒரு வேப்பமரத்தடியில் நான்கு சக்கரமும் காற்றிறங்கி, சீட்டுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். கிரவுனுக்குள் இருந்த பற்சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. அதைத் தேடி நான்கு மாதம் புதுப்பேட்டைக்கு அலைந்தார். கடைகளில் மலைமலையாய்க் குவித்த இரும்புக்குள் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பல்லை எண்ணிப் பார்ப்பார். கடைசியில் கிடைத்ததைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பிள்ளையைத் தூக்கி வந்த மாதிரி இருந்தது என்று பெரியம்மா இன்றும் சொல்வார்.

அந்த ஜீப் பெரியப்பாவுடையது என்று ஊரில் யாரும் நினைத்ததில்லை, அவர் உட்பட. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூடத் தராது. கூப்பிடுகிறவர்கள் பெட்ரோல் காசு கொடுத்துவிடுவார்கள், இல்லாதவர்கள் நெல் அளப்பார்கள். ஒரு கார்த்திகை ராத்திரி, தெற்குத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, பிள்ளை குறுக்கே இருப்பதாக மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். கலங்கல் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து அக்கரை போய், அதே வழியில் திரும்பி வந்தார். அப்புறம்தான் வண்டியை எடுத்தார். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பின்சீட்டில் அந்தப் பெண்ணின் மாமியார் வழியெல்லாம் வேதகிரீஸ்வரா என்று முனகிக்கொண்டே வந்தது என் காதில் இன்னும் இருக்கிறது. விடிகிற நேரத்தில் ஆண் குழந்தை.

இன்று அந்தப் பாதையில் தார் ரோடு. கலங்கலுக்கு மேலே சிறுபாலம். கிழக்குக் கடற்கரைச் சாலை 2002-லிருந்து சுங்கம் வாங்குகிற சாலை. ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் பக்கம் வரிசை வரிசையாகக் கார்கள். மகேந்திராவின் தார் வண்டி எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே தார் ரோடு வந்துவிட்டது. இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஜீப் இல்லாமல் பிரசவத்துக்குப் போக முடியாத ஊர் நல்ல ஊர் இல்லை.

ஆனால் பரனூரில் வேறொன்றும் நடந்தது. 2002-ல் அங்கே மகேந்திரா சிட்டி வந்தது. 2012-ல் அதற்குள் மகேந்திராவின் ஆராய்ச்சி மையமான ரிசர்ச் வேலி திறந்தது. சில வருடங்களில் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடைக்காரர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனது. கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட துணியும் ஸ்டிக்கரும் சுற்றி, முகம் தெரியாமல் மறைத்த வண்டிகள் சோதனை ஓட்டத்துக்குப் போகும். பையன்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு செல்போனைத் தூக்குவார்கள். அப்படி மறைந்து மறைந்து ஓடியவற்றில் ஒன்றுதான் 2020 அக்டோபர் 2-ம் தேதி 9.80 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வெளிவந்த புதிய தார். பொறியியல் வேலை இங்கே, தயாரிப்பு நாசிக்கில். 454 ஏக்கரில் கம்பெனிக்கென்று சோதனைத் தடமே இப்போது இருக்கிறது. ஒரு காலத்தில் கழித்துப்போட்ட ஜீப்புக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருந்த அதே மாவட்டம் இது.

தங்கை மகன் மகேந்திரா சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். 2021 ஜனவரியில் ஒரு தார் புக் செய்தான். டீசல், ஹார்ட் டாப். மூன்று மாதம் என்றார்கள். ஏப்ரலுக்குள் நாடு முழுவதும் புக்கிங் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. பிறகு கொரோனா இரண்டாம் அலை, அதன் மேல் சிப் தட்டுப்பாடு. பெரியப்பாவுக்கு ஒரு பற்சக்கரம் கிடைக்கவில்லை. இவனுக்கு நகத்தளவு சிலிக்கான் துண்டு கிடைக்கவில்லை. ஷோரூமில் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுத் தேதி. நடுவில் ஒருவர், நாற்பதாயிரத்துக்கு உபரிச் சாமான்கள் எங்களிடமே மாட்டிக்கொண்டால் அலாட்மென்ட் சீக்கிரம் வரும் என்றார். அவன் மாட்டேன் என்றான். வண்டி பத்தாவது மாதம் வந்தது. அந்த ஒரு மறுப்புக்காகவே எனக்கு அவன்மேல் மதிப்பு கூடியது. காத்திருக்கிறவனின் ஆசையை விலைபேசுவது பெரிய தவறு. எல்லா ஊரிலும் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

அவன் காத்திருந்த அந்த மாதங்களில்தான், செப்டம்பர் 9 அன்று, ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலைதான் எண்டெவர் தயாரான இடம். மண்ணிலும் மலையிலும் ஏறக்கூடிய இன்னொரு வண்டி. இங்கேயும் குஜராத்தின் சானந்த்திலுமாகச் சுமார் 4,000 பேரின் வேலை கேள்விக்குள்ளானது. மறைமலைநகரில் என்னோடு படித்தவன் வீடு இருக்கிறது, அவன் மகன் அந்த ஆலையில் இருந்தான். தார் எப்போது வரும் என்று எங்கள் வீட்டில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டின் ஞாபகம் வந்து பேச்சு நின்றுவிடும். கடைசி வண்டி அங்கிருந்து 2022 ஜூலையில் வெளியே வந்தது.

எங்கள் தார் 2021 நவம்பரில், விடாத மழையில் வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, டி.என். 19 பலகையோடு நேரே ஊருக்கு ஓட்டி வந்தான். பாலாற்றில் தண்ணீர் கரைபுரண்ட மாதம் அது. ஏரிக்கரையில் மண்பாதை ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் விட்டுப் பார்க்கலாம் என்றான். பாதி தூரத்தில் பின்சக்கரம் வழுக்கியது. என் கை தானாகக் கதவைத் திறந்தது, ஒரு கால் சேற்றுக்குள் போய்விட்டது.

“எதுக்கு மாமா இறங்கறீங்க?”

அவன் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, குட்டைக் கம்பியை 4எல் என்று எழுதிய இடத்துக்குத் தள்ளினான். அவ்வளவுதான். வண்டி மேலே ஏறியது. பின்சீட்டில் இருந்த பெரியம்மா முன்சீட்டின் பிடியைப் பிடித்தபடி எதுவும் பேசாமல் ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறக்குவது, சக்கரம் புதைய வேகமெடுப்பது, கடைசியில் படகு இழுக்கிற டிராக்டரைக் கூப்பிடுவது. ஒரு தை மாதம் அவனும் அப்படிப் புதைத்தான். டிராக்டர்க்கார மீனவர் கயிறு கட்டவில்லை. முதலில் குனிந்து நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். தட்டையான டயர் மணலில் பரந்து நிற்கும், புதையாது. கயிறே தேவைப்படாமல் வண்டி வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களைப் பத்தடி தள்ளிக் கூட்டிப்போய் மணலில் ஒரு தடத்தைக் காட்டினார். சின்ன டிராக்டர் ஏறிப்போன மாதிரி, இரண்டு பக்கமும் துடுப்புக் கீறல். ராத்திரி பங்குனி ஆமை ஏறி முட்டையிட்டுப் போன தடம். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இருக்கும். பொரித்து வரும் குஞ்சு விரல் நீளம்கூட இருக்காது; டயர் போட்ட பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி, விடிந்தால் காக்கைக்கு இரை. “வண்டி போவும் தம்பி, எங்க வேணா போவும். அதுக்காவ போவணுமா?” என்றார். அதிலிருந்து அவன் தோப்பு ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கிறான். மற்றவர்களும் நடக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

2024-ல் ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் வந்தபோது, அக்டோபர் 3-ம் தேதி புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் புக் செய்தார்கள். வரிசை இன்னும் நீளமானது. அதில் எத்தனை வண்டியில் அந்தக் குட்டைக் கம்பி ஒருமுறையாவது அசையும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

எங்கள் வண்டியில் அது அசைந்த இன்னொரு நாள் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழைக்கு மறுநாள். முடிச்சூரில் அவன் நண்பனின் அப்பா அம்மா மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பால், தண்ணீர் கேன், மாத்திரை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனவன் தெருமுனையிலிருந்து போன் செய்தான். அறுநூற்றைம்பது மில்லிமீட்டர் வரைக்கும் தண்ணீரில் போகலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம்.

“தாத்தா கலங்கல்ல எப்படி மாமா வண்டியை விடுவாரு?”

“முதல்ல இறங்கி நட. கையில கழி வச்சுக்கோ, மூடியில்லாத சாக்கடை இருக்கும். முழங்காலுக்கு மேல ஏறினா திரும்பிடு.”

போனை வைக்கவில்லை. கதவு திறக்கிற சத்தமும், பிறகு தண்ணீரில் நடக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.