பெனிசிலின் ஊசி: அச்சமும் ஆயத்தமும்

1954ஆம் ஆண்டில் புனேக்கு அருகே பிம்பிரியில் அரசுத்துறையில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பெற்றது. மறு ஆண்டே அங்குப் பெனிசிலின் உற்பத்தியாயிற்று. அத்தனை முயன்று பெற்ற மருந்தை, ஒவ்வாமைக்கு அஞ்சி மருத்துவர் பலர் கைவிட்டனர். கடும் ஒவ்வாமை நேர்வது அரிது. கைவிட்டதன் விலையோ பெரிது. மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட சிறுவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி தவறினால், நோய் மீண்டும் தாக்கி இதய வால்வுகள் பழுதுறக்கூடும்.

இம்மருந்தைத் தசையினுள் ஆழச் செலுத்த வேண்டும். இரத்தக் குழாயில் செலுத்துவது உயிருக்கே உலைவைக்கும். முன்னர் ஒவ்வாமை கண்டதுண்டா எனக் கேட்டறிதல் முதற்கடமை. தோல் சோதனையில் ஒன்றும் தோன்றாவிடினும், ஊசிக்குப்பின் அரைமணி நேரம் நோயாளியைக் கண்காணித்தல் வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலின் தொடைத்தசையில் உடனே செலுத்தப்பட வேண்டும். அம்மருந்து பூட்டிய அலமாரியிலும், சாவி மருந்தாளுநர் வீட்டிலும் இருப்பின் பயனில்லை.