சின்ன சபைகள் – 7: சாலைத் தெருவில் ஒரு பாராளுமன்றம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வளரும் பிள்ளைக்குத் தேர்தல் புதிதல்ல. வியாபாரிகள் சங்கத்துக்கு நிர்வாகிகள், சுமைத் தொழிலாளர் யூனியனுக்குப் பொறுப்பாளர்கள், மாநகராட்சி வார்டுக்குக் கவுன்சிலர் என்று கிழக்கே கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவே யாராவது யாரிடமாவது ஓட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. இங்கே பிழைக்க வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எழுத்தாளர் ஆ. மாதவன் இதே தெருவில் கடை வைத்திருந்தபடி இந்த மனிதர்களைக் கதைகளாக எழுதினார். தமிழ்வழியில் பாடம் நடக்கும் அரசுப் பள்ளியும் சாலையில் உண்டு.

ஜூனில் பள்ளி திறந்து, சேர்க்கை அமளி ஓய்ந்த பிறகு இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு தேர்தல் வருகிறது. கேரளப் பள்ளிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பள்ளிப் பாராளுமன்றத் தேர்தல்.

அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு வகுப்பும் ரகசிய வாக்கெடுப்பில் தன் லீடரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த லீடர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் பாராளுமன்றம். அவர்கள் கூடி சேர்பர்சன், துணை சேர்பர்சன், செயலாளர், இணைச் செயலாளர் ஆகியோரையும், கலை, விளையாட்டு, இலக்கியம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செயலாளர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ.க்கள் கூடி முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் இது. பள்ளித் தலைவரை மாணவர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. எந்த முறையானாலும் வேட்புமனு, பரிசீலனை, வாபஸ், இறுதிப் பட்டியல், பிரசாரம், வாக்கெடுப்பு, எண்ணிக்கை, பதவியேற்பு என்ற வரிசை ஒன்றுதான்.

வாக்கெடுப்பு நாளைப் பார்க்க வேண்டும். வாசலில் வரிசை. உள்ளே வாக்காளர் பட்டியலோடு ஒரு மாணவி. பக்கத்தில் விரலில் மை வைக்க ஒருவன். இப்போது பல பள்ளிகளில் வாக்குச்சீட்டின் இடத்தை மடிக்கணினி பிடித்துவிட்டது. ‘சம்மதி’ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் வேட்பாளர் பெயரும் சின்னமும் திரையில் வரும். ஒரு தட்டு, ஒரு ஒலி, ஓட்டுப் பதிவாகிவிடும். 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ கணினி மன்றத்துப் பிள்ளைகளே பல இடங்களில் இதைத் தயார்செய்து நடத்துகிறார்கள். தோற்றவனின் நண்பன்தான் கணினியை இயக்கியிருப்பான். ஆனாலும் முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்தப் பழக்கம் வருவது பெரிய விஷயம்.

பதவிகளில் உண்மையிலேயே வேலை அதிகம் உள்ளது கலைச் செயலாளருக்கு. கேரளத்தில் 1957 முதல் மாநிலப் பள்ளிக் கலைவிழா நடக்கிறது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரமே அதை நடத்தியது. அந்த மேடைக்கான பாதை பள்ளி அளவிலான போட்டியில் தொடங்கி உபஜில்லா, ஜில்லா என்று ஏறுகிறது. யார் எந்தப் போட்டியில், ஒரே பிள்ளைக்கு இரண்டு போட்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் எதை மாற்றுவது, மேடை யாருக்கு எத்தனை மணிக்கு, ஒலிபெருக்கி வந்ததா என்று அத்தனையும் கலைச் செயலாளரின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். பெயர் விடுபட்ட பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நிர்வாகம் என்றால் என்னவென்று எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நேராகச் சொல்லித்தராது.

கட்சி அரசியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாக. மாணவர் அமைப்புகளில் கே.எஸ்.யூ. 1957இல் ஆலப்புழையில் பிறந்தது. எஸ்.எஃப்.ஐ.யின் முதல் அகில இந்திய மாநாடு 1970இல் இதே திருவனந்தபுரத்தில் நடந்தது. மாணவர் போராட்டங்களால் வகுப்புகள் முடங்குவது பற்றிய வழக்குகள் பலமுறை நீதிமன்றம் போயின. 2020 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் பள்ளி, கல்லூரி வளாகங்களில் வேலைநிறுத்தத்துக்கும் முற்றுகைக்கும் தடை விதித்தது. பள்ளிப் பாராளுமன்றத் தேர்தல் கட்சி சாராமல் நடக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய ஏற்பாடு. அந்த வயதுக்கு அது சரியானதே.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பதவியேற்பு முடிகிறது, சட்டையில் பேட்ஜ் ஏறுகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாராளுமன்றம் எத்தனை முறை கூடுகிறது? கூடினால் பேசுவது என்ன? பேசியதற்குப் பதில் வருகிறதா? பல பள்ளிகளில் லீடரின் வேலை, ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடுகிறது. தேர்ந்தெடுத்த வகுப்பின் பிரதிநிதியாக வந்தவன் ஆசிரியரின் காவலாளாக மாறிவிடுகிறான்.

பள்ளிகளில் நடக்கும் இன்னொரு பாராளுமன்றமும் உண்டு. 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் இளைஞர் பாராளுமன்றம் நடத்தப் பரிந்துரைத்தது. 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் அது போட்டியாகத் தொடங்கியது. கேரளத்திலும் மாதிரிப் பாராளுமன்றப் போட்டிகள் உண்டு. ஒருவர் பிரதமர், ஒருவர் எதிர்க்கட்சித் தலைவர். எழுதிவைத்த கேள்விக்கு எழுதிவைத்த பதில். பேச்சுப் பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் எல்லைப் பிரச்சினை பற்றி மேடையில் முழங்கும் மாணவி, தன் பள்ளிக் கழிப்பறையில் ஏன் தண்ணீர் இல்லை என்று தலைமையாசிரியரிடம் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பள்ளிப் பாராளுமன்றம்தான்.

அதிகாரமில்லாத சபையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு சாலைக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1888இல் சட்டமன்றக் கவுன்சில் வந்தது. உறுப்பினர்கள் எட்டே பேர். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது, விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில். பிரஜா சபை சட்டம் இயற்ற முடியாது, வரவு செலவில் கைவைக்க முடியாது. குறைகளைச் சொல்லலாம், அரசின் பதிலைக் கேட்கலாம், அவ்வளவே. ஆனால் சொன்னதும் பதிலும் பதிவாகி அச்சாயின. 1911இல் உறுப்பினராக நியமிக்கப்பட்ட தலித் தலைவர் அய்யங்காளி அந்தச் சிறிய உரிமையைப் பிடித்துக்கொண்டு, தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதியும் நிலமும் கேட்டார். பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் குரல் அரசாங்க ஏட்டில் ஏறியது. அந்த மண்டபத்துக்கு 2019இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

சபைக்கு உயிர் கொடுத்தவை பதிவும் பதிலும். குழந்தைகள் விஷயத்தில் இதை முழுதாக நம்பியவர் போலந்தின் யானுஷ் கோர்ச்சாக். வார்சாவில் 1912இல் திறந்த அநாதை இல்லத்தில் அவர் குழந்தைகளின் நீதிமன்றம் அமைத்தார். குழந்தைகளே நீதிபதிகள். பெரியவர்கள் மீதும் புகார் கொடுக்கலாம். கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கிறார். சட்டத் தொகுப்பின் முதல் பகுதி முழுக்க மன்னிப்பதைப் பற்றியது. சாந்திநிகேதனில் தாகூரும் மாணவர்களின் ஒழுங்கை மாணவர்களின் சபையிடமே ஒப்படைத்தார். 1942 ஜூலையில், வார்சா கெட்டோவுக்குள் அடைபட்டிருந்த கோர்ச்சாக்கின் குழந்தைகள் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். அடுத்த மாதமே நாஜிகள் அவரையும் அந்தக் குழந்தைகளையும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ராஜஸ்தானின் திலோனியா உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பகலில் ஆடு மேய்த்து இரவில் படிக்கும் பிள்ளைகளுக்கு வெறுங்கால் கல்லூரி (Barefoot College) என்ற தொண்டு நிறுவனம் நடத்திய இரவுப் பள்ளிகளில் 1990களில் குழந்தைகள் பாராளுமன்றம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளே வாக்காளர்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்பது அமைச்சர்களான சிறுவர் சிறுமியரின் வேலை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’, மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளாகப் பிரித்துத் தலைவர்களையும் நியமிக்கிறது. அந்தத் தலைவர்களுக்கும் கேள்வி கேட்கும் உரிமை வந்தால் நல்லது.

சாலையின் பள்ளிகளுக்கு வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒரு கூட்டம். இரண்டு நாள் முன்பே வகுப்புகளில் ஒட்டிய பொருள் பட்டியல். தேதியிட்ட ஒரு மினிட்ஸ் புத்தகம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு வரி: செய்தாயிற்று, இன்ன தேதிக்குள் செய்வோம், அல்லது இன்ன காரணத்தால் முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்தக் குறிப்பு தமிழிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டில் அம்மாவும் அதைப் படிக்க முடியும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூட நிதி தேவையில்லை. குழந்தைகளின் கருத்தைக் கேட்டு மதிக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டாயிற்று.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மதிப்பெண் பட்டியலோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பள்ளிப் பாராளுமன்றம் கடைசியாகக் கூடியது எப்போது, அதன் மினிட்ஸ் புத்தகம் எங்கே?

(தொடரும்)