ஓய்வுநாளும் நம் மாணவரும்

திடப்படுத்தல் ஆயத்த வகுப்பை நடத்தும் ஆயர்கள் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. வகுப்பு தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் சிலருடைய கண்கள் மூடிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலும் பதினைந்து வயது மாணவன் ஒருவன் வாரந்தோறும் உறங்கிவந்தான். அசட்டை என்றெண்ணி, பிறர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அவனுடைய வீட்டைச் சந்திக்கச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று.

அதிகாலை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சி; பின்னர்ப் பள்ளி; பள்ளி முடிந்ததும் சிறப்பு வகுப்பு; இரவில் மீண்டும் தனிப்பயிற்சி. வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். வீட்டுப்பாடம் முடியப் பதினொன்றாகும். ஞாயிறு காலை ஆலயத்திற்கென விடப்பட்டிருந்தது. ஆனால் அதிலும் ஞாயிறு பள்ளி, ஆராதனை, பாடகர் குழுப் பயிற்சி, இறுதியில் என் வகுப்பு. அவனுடைய தாயார் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, “ஐயா, அவன் சும்மா உட்காருகிற இடம் உங்கள் வகுப்பு ஒன்றுதான், அதனால் தூங்கிவிடுகிறான். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். அவனைக் கடிந்துகொண்ட வாரத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தது நான்காம் கற்பனை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அந்தத் தாயார் அல்லர் என்பது எனக்கு அப்பொழுதே புரிந்தது.

ஓய்வைக் குறித்து நாம் போதிக்கிறோம்; ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறோமா? இக்கேள்வியை நம் ஆயர்களும் இறையியல் மாணவரும் சிந்திக்கவேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சுமை ஏறிய வரலாறு

கல்வியை எளிதாகக் குறைகூற இம்மாவட்டத்துத் திருச்சபைக்கு இயலாது. 1820ஆம் ஆண்டு இரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த நாள் தொட்டு, ஆலயமும் பள்ளிக்கூடமும் இங்கு இணைந்தே வளர்ந்தன. 1895இல் சாராள் தக்கர் கல்லூரி பெண்களுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த குடும்பங்கள் நிமிர்ந்து நிற்கக் கல்வியே துணைசெய்தது. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையுடன் அழைப்பதும் இதனாலேயே.

எனினும் கற்பது வேறு. தேர்வுக்கென ஓய்வின்றி உழைப்பது வேறு. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபின் அதன் இறுதித் தேர்வே மாணவரின் வருங்காலத்தை முடிவுசெய்யும் வாயிலாயிற்று. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியபோது சற்றே மூச்சுவிட வாய்ப்புக் கிட்டியது. 2017இல் மருத்துவப் படிப்புக்கு ‘நீட்’ தேர்வு இங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மருத்துவம் நாடுவோர் பள்ளிப் பாடத்திற்கு ஒரு படிப்பு, நுழைவுத்தேர்வுக்கு மற்றொரு படிப்பு என இரட்டை நுகம் சுமக்கலாயினர். 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. தொடர்ந்து மூன்றாண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் இந்நிலை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையினால் மாற்றப்பட்டது.

இச்சுமையை நாடு அறியாமலில்லை. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, சுமையற்ற கல்வியை வலியுறுத்தி 1993இல் அறிக்கை அளித்தது. முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையென்றே கூறுகிறது. 1992இல் இந்தியா அதனை ஏற்றுக்கொண்டது. இத்தனை இருந்தும் சுமை குறைந்ததாகத் தோன்றவில்லை.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. பகலில் கற்றது நினைவில் ஊன்றுவதும் உறக்கத்திலேயே. எனவே உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவன் தான் படித்ததையே இழக்கிறான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலை செய்துகொண்டனர். இவை அனைத்துக்கும் படிப்பே காரணமெனக் கூறுவது பிழையாகும். எனினும் ஆயராய் இருப்பவர் இத்தொகையைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்லலாகாது.

2. திருமறை காட்டும் வழி

ஓய்வுநாள் கற்பனையை விளங்கிக்கொள்ள, யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்குவது நன்று. அங்கே பார்வோன் வைக்கோல் கொடுக்க மறுக்கிறான். ஆயினும் செங்கல்லின் கணக்கு குறையலாகாதென்று கட்டளையிடுகிறான். ஓய்வு கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். எண்ணிக்கையால் மட்டும் மனிதரை அளக்கும் ஆட்சி அது. அவ்வாட்சியிலிருந்து விடுவிக்கப்பட்ட மக்களுக்கே ஓய்வுநாள் அருளப்பட்டது. சீனாய் மலையை அடையுமுன்னரே, மன்னா பொழிந்த வனாந்தரத்தில், ஏழாம் நாளில் சேர்க்க வெளியே போகவேண்டாமென்று அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர் (யாத். 16).

பத்துக் கற்பனைகள் இரண்டிடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பையும், உபாகமம் 5ஆம் அதிகாரம் அடிமைத்தன விடுதலையையும் ஓய்வுக்குக் காரணமாகக் காட்டுகின்றன. இரண்டிலும் குடும்பத் தலைவனுக்கு அடுத்தபடியாகப் பெயரிட்டுச் சொல்லப்படுபவர் மகனும் மகளுமே. பிள்ளைகளின் ஓய்வுக்குப் பெற்றோர் பொறுப்பாளிகள் என்பது இதனால் தெளிவு.

யாத்திராகமம் 23:12 மேலும் ஒருபடி செல்கிறது. அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறும்படி ஓய்வுநாள் கொடுக்கப்பட்டதாக அது கூறுகிறது. அங்குள்ள எபிரெயச் சொல் மூச்சு வாங்குதல் என்னும் பொருளுடையது. பழைய ஏற்பாட்டில் அவ்வினைச்சொல் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. அவற்றுள் ஒன்று கர்த்தர் தாமே ஏழாம் நாளில் இளைப்பாறியதைக் குறிப்பது (யாத். 31:17). ஓர் அடிமைப் பெண்ணின் பிள்ளை மூச்சு வாங்குவதற்கும், வானத்தையும் பூமியையும் படைத்தவர் இளைப்பாறுவதற்கும் திருமறை ஒரே சொல்லை வழங்குகிறது. இதற்குமேல் ஓய்வுக்கு என்ன கண்ணியம் வேண்டும்?

ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதன் முழுமையாகக் கண்ட முதல் நாள் ஏழாம் நாள் என்பதையும் நோக்கவேண்டும். அவன் உழைத்துச் சம்பாதித்த பரிசன்று ஓய்வு. உழைப்புக்கு முன்னரே பெற்ற ஈவு. ‘முதலில் மதிப்பெண், பின்னர் ஓய்வு’ என்னும் நம் வழக்கம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறது.

சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் அறிவுரை கூறவில்லை, உணவளித்து, மறுபடியும் உறங்கவிட்டான் (1 இராஜா. 19). உண்ணவும் நேரமின்றி அலைந்த சீடரை நம் ஆண்டவர் தனித்த இடத்திற்கு அழைத்துச் சென்றார் (மாற்கு 6:31). அவருடைய இளமைப் பருவத்தைப் பற்றி லூக்கா தரும் குறிப்பில் (2:52) அறிவு வளர்ச்சி மட்டுமன்று, உடல் வளர்ச்சியும் தேவனோடும் மனிதரோடும் கொண்ட உறவும் ஒருங்கே கூறப்பட்டுள்ளன. சமநிலை என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

3. ஏழைக்கு ஓய்வு உண்டோ?

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழும். ‘வசதியுள்ளவன் ஓய்வெடுக்கலாம், ஏழை வீட்டுப் பிள்ளை ஓய்வெடுத்தால் பின்தங்கிவிடுவானே’ என்பர் பெற்றோர். மேற்கூறிய தாயாரின் மனத்திலும் இவ்வச்சமே இருந்தது. முக்கூடல், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கூலி. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அத்தகைய வாழ்விலிருந்து தம் பிள்ளை தப்பவேண்டுமென்று அவர்கள் விரும்புவது பேராசையன்று, அன்பே. அவர்களைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை.

ஆயினும் செங்கல் கணக்கிலிருந்து தப்ப விரும்பும் பிள்ளையை மதிப்பெண் கணக்கில் அடைப்பது விடுதலையாகாது. ஓய்வுநாள் கற்பனை முதலில் அருளப்பட்டது செல்வர்க்கன்று, நேற்றுவரை அடிமைகளாயிருந்தவர்க்கே. உறங்கி எழுந்த பிள்ளை பின்தங்குவதுமில்லை. நம் ஆற்றுப்பாசன வயல்களைப் பாருங்கள். பிசான அறுவடை முடிந்தபின், ஜூனில் கார் பருவத்திற்குத் தண்ணீர் திறக்கும் வரை, தாமிரபரணிக் கால்வாய்களின் கீழுள்ள வயல்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்நாட்களில் ஆட்டுக்கிடை போடுவர், கால்வாயைத் தூர்வாருவர். கோடையில் கிடந்த நிலத்தைச் சோம்பேறி நிலமென்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான். நிலத்திற்கும் ஓய்வு வேண்டுமென்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறுவதை நம் முன்னோர் வயலிலேயே கற்றிருந்தனர். அவ்வறிவை நம் பிள்ளைகளிடத்தில் மட்டும் ஏன் மறந்தோம்?

4. திருச்சபை செய்யத்தக்கவை

முதலாவது, நம் வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும். திருச்சபை நடத்தும் பள்ளிகளில் ஞாயிறன்று சிறப்பு வகுப்பு நடைபெறலாகாது. பள்ளி நிர்வாகக் குழுக்களில் அமரும் ஆயர்கள் இதைத் தயங்காமல் எடுத்துரைக்கவேண்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமையை நாமே நிரப்பிவிடுகிறோமா எனப் பார்க்கவேண்டும். மனப்பாடப் போட்டி, திருமறைத் தேர்வு, பாடல் பயிற்சி ஆகியவை நல்லவையே. ஆயின் அனைத்தையும் ஒரே பிள்ளைமேல் ஏற்றினால் ஆலயமும் மற்றொரு தனிப்பயிற்சி நிலையமாகும்.

மூன்றாவது, தேர்வு முடிவு வெளியான வாரத்தில் அதிக மதிப்பெண் பெற்றோரைப் பிரசங்க பீடத்திலிருந்து பாராட்டுகிறோம். அவ்வாரமே தோல்வியுற்ற பிள்ளையின் வீட்டுக்கு ஆயர் முதலில் செல்வாராக. துணைத்தேர்வு உண்டென்பதையும், வாழ்வு அத்தேர்வினும் பெரியதென்பதையும் நேரில் சொல்வாராக. மனச்சோர்வின் அடையாளம் காணப்பட்டால் ஜெபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் வழிநடத்தவேண்டும். 14416 என்னும் ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவியை ஒவ்வோர் ஆயரும் அறிந்திருத்தல் நலம்.

நான்காவது, இறையியல் கல்லூரிகளில் நம் நிலை என்ன? வாரநாளில் வகுப்பு, வாரயிறுதியில் சபைப்பணி, திங்கள் காலையில் கட்டுரை ஒப்படைப்பு என்று நடத்தினால், ஓய்வறியாத மாணவன் ஓய்வறியாத ஆயராவான். தான் ஒருநாளும் இளைப்பாறாதவன் பிறரை இளைப்பாறுதலுக்கு அழைக்க இயலாது. ஆசிரியர்களாகிய நாம் கூடி, எப்பணியும் கேட்கப்படாத ஒரு நாளை ஒவ்வொரு மாணவருக்கும் வாரத்தில் உறுதிசெய்யவேண்டும்.

அம்மாணவனிடம் அடுத்த ஞாயிறன்று மன்னிப்புக் கேட்டேன். வகுப்பை அரைமணி நேரமாகக் குறைத்தேன். பெற்றோருடன் பேசியதில், அதிகாலைத் தனிப்பயிற்சியை மட்டும் விட்டுவிட அவர்கள் இசைந்தனர். பெரிய மாற்றமன்று, ஆயினும் சில வாரங்களுக்குப்பின் அவன் வகுப்பில் விழித்திருந்து, மன்னாவை ஏன் ஏழாம் நாளில் சேர்க்கலாகாதென்று என்னைக் கேட்டான். ஓய்வுநாளைக் குறித்து அதுவரை என் வகுப்பில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்த ஆண்டவர் நம்மிடம் ஒப்புவித்திருக்கும் பிள்ளைகள் இவர்கள். இவர்களுடைய சுமையில் ஒரு கல்லையேனும் இறக்கிவைக்க அவர் நமக்கு அருள் புரிவாராக.