சராசரி என்றால் எந்தச் சராசரி?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். இந்த வட்டாரத்தின் பெயரைத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் நிலைநிறுத்தியவை சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. இவற்றில் வெங்காயத்துக்குத்தான் விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கும் குணம் அதிகம். பட்டறை போட்டு வைத்த வெங்காயத்தை இன்றே கொடுத்துவிடலாமா, இன்னும் பத்து நாள் பார்க்கலாமா என்று யோசிக்கிறவருக்கு, 'இன்றைக்குச் சராசரி விலை கிலோ 30 ரூபாய்' என்று ஒரு சேதி வருகிறது. மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். கையில் கிடைப்பது 22 ரூபாய். வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் வருவது இயல்பு. ஆனால் வியாபாரியும் பொய் சொல்லவில்லை, சேதி அனுப்பியவரும் பொய் சொல்லவில்லை என்று இருக்க முடியும். சராசரி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கணக்குகள் ஒளிந்திருப்பதும், எந்தக் கணக்கு என்பதைச் சொல்லாமலே எண்ணை மட்டும் நீட்டுகிற பழக்கமும்தான் இங்கே கோளாறு.

புரிந்துகொள்வதற்காக ஒரு நாள் வியாபாரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பது விவசாயிகளின் வெங்காயம் ஒன்பது குவியல்களாகக் கிடக்கிறது. கிலோவுக்குக் கிடைத்த விலை, குறைந்ததிலிருந்து வரிசையாக: 18, 22, 22, 22, 26, 28, 30, 34, 68. கடைசியில் உள்ள 68, நன்றாகக் காய்ந்து தேறிய விதை வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டினால் 270. ஒன்பதால் வகுத்தால் 30. பள்ளிக்கூடப் பாடத்தில் கூட்டுச் சராசரி என்பது இதைத்தான். அதே ஒன்பதையும் வரிசையில் நிறுத்தி நட்டநடுவில், ஐந்தாவதாக நிற்பதைப் பார்த்தால் 26. இது இடைநிலை அளவு. அதிகத் தடவை வந்த விலை எது என்று பார்த்தால் 22. இதற்கு முகடு என்று பெயர். அழகான பெயர். விலை விலையாகக் குவித்து வைத்தால் எந்தக் குவியல் உயர்ந்து நிற்கிறதோ அதன் உச்சி, கூரைக்கு முகடு இருப்பதைப் போல. 1895இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் ஆங்கிலத்தில் வைத்த 'மோட்' என்ற பெயரைவிடத் தமிழ்ப் பெயரில் படம் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது அந்த 30 ரூபாயைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. மிஞ்சி வாங்கியவர்கள் இரண்டே பேர். ஆகப் பெரும்பாலோருக்குக் கிடைக்காத ஒரு தொகைக்குத்தான் சராசரி என்று பெயர். அந்த விதை வெங்காயக் குவியல் அன்று வராமல் இருந்திருந்தால் கூட்டுச் சராசரி ஒரே அடியில் 25 ரூபாய் 25 காசுக்கு இறங்கிவிடும். எட்டுப் பேர் ஆகிவிட்டதால் நடுவில் இருவர் நிற்பார்கள். 22க்கும் 26க்கும் நடுப்புள்ளியாக இடைநிலை 24 ஆகும். முகடு 22இலேயே அசையாமல் நிற்கும். ஒற்றை ஆள் வந்தாலும் போனாலும் சராசரி அவர் பின்னால் ஓடும். இடைநிலை ஓரடி நகரும். முகடு திரும்பிக்கூடப் பார்க்காது. சாதாரணச் சமையல் வெங்காயத்தோடு சந்தைக்குப் போகிறவர் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், நேர்மையான பதில் 22 ரூபாய்தான்.

இது சந்தைக்காரர்களுக்குத் தெரியாத ரகசியமும் அல்ல. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் அன்றாட விலை வெளியாகிறது. அதில் குறைந்த விலை, அதிக விலை ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கும்: 'மோடல்' விலை. மாடல் என்று படித்து மாதிரி விலை என்று நினைத்துவிட வேண்டாம். அது முகட்டு விலை, அன்றைக்குப் பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை. வேளாண் விலைக்கு முகடுதான் பொருத்தம் என்று அரசு எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்தப் பத்தியிலிருந்து எடுத்துச் சொல்கிற செய்திகளில் முகடும் 'சராசரி' ஆகிவிடுகிறது. சில சமயம் குறைந்த விலையையும் அதிக விலையையும் கூட்டி இரண்டால் வகுத்த எண்ணுக்கும் அதே பெயர். நம் ஒன்பது குவியலுக்கு அப்படிச் செய்தால் 43 ரூபாய் வரும். அந்த விலையை அன்று யாருமே பார்க்கவில்லை.

முகட்டின் பேரில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: அது தள்ளாடுகிற அளவு. இரண்டு விலைகள் சம தடவை வந்தால் இரண்டு முகடு. எல்லாம் ஒவ்வொரு தடவை வந்தால் முகடே இல்லை. பெரிய ரகமும் பொடி வெங்காயமும் கலந்து வரும் நாளில் இரண்டு முகடு தெரிவது சகஜம். ஆனால் அதைக் குறை என்று சொல்லத் தோன்றவில்லை. இரண்டு சரக்குகளை ஒரே சரக்காக எண்ணிவிட்டோம் என்று அந்த இரட்டை முகடு காட்டிக்கொடுக்கிறது. கூட்டுச் சராசரி அதை மூடி மறைத்து, இரண்டுக்கும் பொருந்தாத நடுவிலையைத் தரும். கவனிக்க வேண்டிய இன்னொன்று நிறை. 22 ரூபாய்க்கு 20 மூட்டையும் 68 ரூபாய்க்கு 2 மூட்டையும் போனால், விலைகளை மட்டும் கூட்டி வகுத்தால் 45. மூட்டைக் கணக்கோடு பெருக்கி வகுத்தால் 26 ரூபாய் 18 காசு. இரண்டுமே கூட்டுச் சராசரிதான், இரண்டிலும் பிழை இல்லை. இப்படிச் செய்யலாம் என்பதே சராசரியைக் கண்மூடி நம்பக்கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

அப்படியானால் கூட்டுச் சராசரியை ஒதுக்கிவிடலாமா? முடியாது; சில இடங்களில் அதுதான் விவசாயியின் பக்கம் நிற்கிறது. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமத்தையோ குறுவட்டத்தையோ ஓர் அலகாக வைத்து, குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில் குறிப்பிட்ட அளவு இடத்தை அளந்து அறுவடை செய்து எடை பார்க்கிறார்கள். பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். அந்த மகசூல்களின் சராசரி, முன்பே வகுத்த வரம்புக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. ஓர் அலகில் நான்கு அறுவடைகள், ஏக்கருக்குக் கிலோ கணக்கில் 100, 900, 1000, 1000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம், வரம்பு 800. கூட்டுச் சராசரி 750, இழப்பீடு உண்டு. இடைநிலையைப் பார்த்தால் 950, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. படைப்புழு தின்று தீர்த்த அந்த ஒரு வயலின் நாசம் கூட்டுச் சராசரியில் மட்டும்தான் பதிவாகிறது. இடைநிலை அதை ஓரத்தில் நிற்கிற ஆள் என்று ஒதுக்கிவிடும். 2018இல் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கியதை நினைத்தால், ஓரத்து ஆளை ஒதுக்குவது என்ன விலை கேட்கும் என்பது புரியும்.

தன் வயல் முழுக்கப் போயிருந்தும், சுற்று வட்டாரத்துச் சராசரி நன்றாக இருந்ததால் இழப்பீடு கிடைக்காதவரின் குறை இதனால் தீர்ந்துவிடவில்லை. அது நியாயமான குறை. ஆனால் எந்தச் சராசரியைத் தேர்ந்தாலும் அது போகாது. அலகு சின்னதானால் குறையும். அலகின் எல்லை எண்ணை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. திருச்சியிலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. கொள்ளிடக் கரையின் திருமானூர்ப் பக்கத்து நெல் வயல்கள் பெரம்பலூர்க் கணக்கில் இருந்தன, இல்லாமல் போயின, மீண்டும் வந்தன, மீண்டும் போயின. குரும்பலூரில் ஒரு கதிர் கூடவோ குறையவோ இல்லாமலே, 'மாவட்டச் சராசரி' மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கும். அளக்கும் சதுரத்துக்கும் இதே கதைதான். 1940களில் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் சிறு வட்டங்களை அறுத்தாலே போதும் என்றார். இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே பெரிய துண்டு வேண்டும் என்றார். இடம் சிறுத்தால் ஓரத்துச் செடியை உள்ளே இழுத்துக்கொள்ளும் கை, மகசூலை மிகைப்படுத்திவிடும் என்பது சுகாத்மேயின் வாதம். எண்களைக் கூட்டி வகுப்பதற்கு முன்பே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு வேறுபாடு சாதாரண மனிதருக்கு எதற்கு, ஒரே எண் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். 2018–19இல் தேசிய மாதிரி ஆய்வு விவசாயக் குடும்பங்களின் கடனைக் கணக்கெடுத்து, குடும்பத்துக்குச் சராசரி 74,121 ரூபாய் என்றது. தலைப்புச் செய்தியானது அந்த எண். அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது: கடன் உள்ள குடும்பங்கள் 50.2 சதவீதம். அதாவது ஏறக்குறைய பாதி வீடுகளில் கடனே இல்லை. எல்லாக் குடும்பங்களையும் கடன் வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் குடும்பம் கடனாளிகளின் வாசலில் முதல் படியில்தான் நிற்கும். இடைநிலைக் கடன் மிகச் சொற்பம். முகடோ பூஜ்யம். கடன்பட்ட வீடுகளை மட்டும் எடுத்து அந்தத் தொகையைப் பங்கிட்டால் வீட்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 48 ஆயிரம் வருகிறது. 74 ஆயிரம் என்பது முதல் பாதியின் நிலையையும் சொல்லவில்லை, இரண்டாம் பாதியின் சுமையையும் சொல்லவில்லை. மொத்தக் கடன் எவ்வளவு, தள்ளுபடி செய்தால் கஜானாவிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கும் நிதித்துறைக்கு அது சரியான எண். ஓர் ஊரில் எத்தனை வீடு தவிக்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அது உதவாது.

மொத்தத்தைச் சுமப்பவருக்குக் கூட்டுச் சராசரி, வரிசையில் தன் இடம் எது என்று பார்ப்பவருக்கு இடைநிலை, அடுத்து நடக்கக்கூடியது எது என்று கேட்பவருக்கு முகடு. இந்த மூன்றும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. அடுத்த முறை விலை நிலவரம் பார்க்கும்போது முகட்டு விலைப் பத்தியோடு, பக்கத்திலேயே இருக்கும் வரத்துப் பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். வரத்து இரண்டு மூட்டையாக இருந்தால் அந்த விலையை நம்பி வண்டி பிடிக்க வேண்டாம்.